பௌர்ணமியன்று பதினான்கு டிகிரி

“நீ ஒரு பாட்டில். இந்த ரூம்ல படுத்திருக்க. எதுக்குப் பயப்படுவ?”

ரெமி சார் என்னிடம் இப்படிக் கேட்டது தொண்ணூற்றொன்பதாம் வருஷம், பிப்ரவரி கடைசியில். அப்பா அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையை டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். அளவுகளை எழுதிக்கொள்வது என் வேலை. யாராவது கேள்வி கேட்டால் எனக்கு வாய் பூட்டிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதற்கும் அதுதான் காரணம்.

அப்பா பீர் முகம்மது ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தேரடித் தெரு பக்கத்தில் கடை. எங்கள் வீட்டில் பேசுவது உருது. அப்பாவுக்கு உருது எழுத்தும், எண்களும் தெரியும். தமிழ் படிக்க வராது. எனக்குத் தெரிந்ததோ பள்ளிக்கூடத்துத் தமிழ் எழுத்து மட்டும்தான். அதனால் என் நோட்டுகளை நான் எங்கேயும் ஒளித்து வைக்கத் தேவையிருக்கவில்லை. பீரோமேல் கிடக்கும். அதில் எங்கள் தெரு, எங்கள் சண்டை, அம்மா முன்னி பேகம் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொன்னது எல்லாம் இருக்கும். அப்பா கண்ணில் அது ரூபீனா கணக்குப் போடும் நோட்டு.

ரெமி சார் பிரான்ஸ்காரர். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி வீடு. பதினைந்து வருஷமாக இருக்கிறார், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். அவர் தம்பிக்கு ஊரில் திராட்சைத் தோட்டம் இருந்ததாம். தம்பி இறந்து, தோட்டம் கைமாறி, கடைசியாக மிஞ்சிய அறுபது ஒயின் பாட்டில்கள் இங்கே வந்திருந்தன. அவை பதிமூன்று டிகிரியில் இருக்க வேண்டும். கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கினால் கெட்டுவிடும்.

அப்பா முதலிலேயே ஒன்று சொல்லிவிட்டார். “பாட்டில நான் தொட மாட்டேன் சார். ரூமத்தான் குளுர வெப்பேன்.” ரெமி சார் சிரித்து, பாட்டிலைத் தானே அடுக்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். வீட்டில் அம்மாவுக்கு மட்டும் ஆறவில்லை. பாட்டிலுக்கு ஏசி, பெற்ற பிள்ளைக்குப் பனை விசிறி என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்பா சொன்னது ஒரு டன் ஏசி. அதுவரை அவர் ஏசி மாட்டியதில்லை. அந்த ரோட்டில் வெளிநாட்டுக்காரர் வீடுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. முதல் ஏசியை மாட்டுகிறவரைத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வேலூரில் ஒரு கடைக்காரர், இது நடந்தால் திருவண்ணாமலைக்கு நீதான் நம்ம ஆள் என்று வேறு சொல்லிவைத்திருந்தார். அப்பா அதைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

ரெமி சார் அவசரப்படவில்லை. ஒரு மாதம் அந்த அறையின் சூட்டைக் குறித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். காலையில் அவர் பார்ப்பார். சாயங்காலம் நான் பஸ்ஸில் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வருவேன். அறை மேற்குப் பார்த்தது. காலையில் இருபத்தெட்டு இருந்தால் சாயங்காலம் முப்பத்திமூன்று. நான் அதோடு நிறுத்தவில்லை. ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இருந்த ஸ்டெபிலைசரில் வோல்டேஜ் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்பதையும் எழுதினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. முள் இருந்தது, எழுதினேன்.

மார்ச் பௌர்ணமியன்று நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ரெமி சார் கிரிவலம் போய்விட்டார். சமையல் செய்யும் ஜோதியம்மாள் என்னைத் தன்னோடு தங்கச் சொன்னார். வாசலில் தலைகளாகப் போய்க்கொண்டிருந்தன. வழி நெடுகக் கடை, சீரியல் லைட், மைக் செட். எல்லாம் கம்பத்தில் கொக்கி போட்டு எடுத்த கரண்ட். ஆறு மணிக்கு முள் இருநூறு. ஏழு மணிக்கு நூற்றைம்பது. பல்பில் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. ஃப்ரிட்ஜ் நின்றுபோனது.

“பௌர்ணமின்னா அப்டித்தாம்மா,” என்றார் ஜோதியம்மாள். “வெடிஞ்சாதான் ஓடும்.”

நான் உட்கார்ந்து எழுதினேன். சாயங்காலம் நடந்ததை முழுக்க எழுதினேன். ஐஸ் ஃபேக்டரியில் பார்த்தது ஞாபகம் வந்தது; ஐஸ் கட்டியை உமிக்குள் புதைத்து வைத்தால் வெயிலில் ஒரு நாள் நிற்கும். அதையும் எழுதினேன்.

மாதம் முடிந்ததும் அப்பாவும் நானும் ரெமி சார் வீட்டுக்குப் போனோம். அன்றைக்கு எண்களை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ரெமி சார் கை நீட்டியதும் நான் நோட்டையே கொடுத்துவிட்டேன். அவருக்குத் தமிழ் படிக்க வரும் என்பது தெரியாமல் இல்லை. வாய் பூட்டிக்கொள்கிற மாதிரி அன்றைக்குப் புத்தியும் பூட்டிக்கொண்டது.

அவர் வாய்விட்டுத்தான் படிப்பார், பாடம் படிக்கும் பிள்ளை மாதிரி. சொல்லைச் சேர்த்து முடித்த பிறகுதான் அவருக்கே அர்த்தம் புரியும். “முள் நூற்றைம்பது,” என்று படித்தார். “அப்பா சொல்கிற ஏசி இருந்திருந்தால் விடியும்வரை நின்றிருக்கும். சுவரின் சூடு முழுதும் உள்ளே வந்திருக்கும். அப்பாவுக்கு இது தெரியும். வெள்ளைக்காரர் வீட்டில் ஏசி போட்டவர் என்ற பேருக்காக, தெரியாத மாதிரி இருக்கிறார்.”

படித்துவிட்டு நிமிர்ந்தார். அவர் முகம் சிவந்துபோனது. அப்பா டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்தும் கை நிற்கவில்லை. ரெமி சார் அவசரமாக அடுத்த பக்கத்தைத் திருப்பி, உமியைப் பற்றி எழுதியிருந்ததையும் படித்தார். அப்பா கேட்ட மாதிரியே தெரியவில்லை.

திரும்பி வரும்போது அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். காந்தி நகர் தாண்டியதும் வண்டியை ஓரம்கட்டினார். திரும்பிப் பார்க்காமல் உருதில் சொன்னார்.

“எனக்குத் தெரியாது ரூபீனா. நெஜமா தெரியாது. பௌர்ணமி சாயங்காலம் அந்த ரோட்ல நான் இன்னிக்கு வரைக்கும் நின்னதே இல்ல.”

அது உண்மை. பௌர்ணமியன்று மூன்று மணிக்கே கடையை மூடிவிட்டு, ரோடு அடைபடுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். வருஷத்தில் பன்னிரண்டு முறை அவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய நேரத்தைத்தான் நான் எழுதியிருந்தேன். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர் கரண்டிலேயே பிழைக்கிற மனுஷனுக்கு அது தெரியாமல் இருக்குமா என்று நினைத்துவிட்டேன். மெக்கானிக்குக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பது, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பதைவிட மோசம். இது தவறு என்று நோட்டில் எழுதலாம். அவரால் படிக்க முடியாது. வாயால் சொல்லலாம். என்னால் முடியவில்லை.

பத்து நாள் அவர் ரெமி சார் வீட்டுப் பக்கமே போகவில்லை. இனி வேலூர்க் கடைக்காரரே நேராக வந்து ஏசி மாட்டிவிடுவார் என்றே நினைத்தேன். பதினோராவது நாள் கீழ்பென்னாத்தூர் ரைஸ் மில்லிலிருந்து ஒரு வேனில் உமி மூட்டைகள் வந்து கடை வாசலில் இறங்கின. எதிர் டீக்கடை காசி விடவில்லை.

“என்னா பாய், ஃப்ரிட்ஜ் கடைய மூடிட்டு மாட்டுக் கொட்டாய் போடறீங்களா?”

அப்பா மூட்டைகளை எண்ணினார்.

ரெமி சார் வீட்டு அறைக்குள் இன்னொரு சுவர் எழுப்பி, இடையில் ஒரு சாண் இடைவெளி விட்டு, பாலிதீன் விரித்து, காய்ந்த உமியைக் கெட்டித்து அடைத்தார். கதவுக்கும் அப்படியே, நடுவில் சின்னக் கண்ணாடி. கலர் சோடா விற்கிற கடையிலிருந்து வாங்கிய பழைய பாட்டில் கூலரைப் பிரித்து அதன் சின்ன மெஷினைப் பொருத்தினார். பெரிய ஏசி அந்த அறையைக் காயவைத்துவிடும், பாட்டில் மூடியின் தக்கை சுருங்கும் என்று ரெமி சாரிடம் விளக்கினார். யாரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்று தெரியவில்லை. ஏசி போட்டவர் என்ற பேர் அவருக்கு வரவில்லை. தெருவில் உமி பாய் என்றார்கள்.

சித்ரா பௌர்ணமியன்று அவர் மூன்று மணிக்குக் கடையை மூடினார். வீட்டுக்குப் போகவில்லை. என்னை ஏற்றிக்கொண்டு அடி அண்ணாமலைக்கு வந்தார்.

வாசலில் நின்று கூட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பத்தில் தொங்கிய கொக்கிகளை விரல் நீட்டி எண்ணினார், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். ஐந்து மணிக்கு, வோல்டேஜ் விழுவதற்கு முன்பே, மெஷினை அவரே நிறுத்தினார். உள்ளே பதிமூன்று. அதன்பிறகு இருவரும் அந்தக் கதவின் முன் தரையில் உட்கார்ந்தோம். மணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்து எனக்கு விரலால் காட்டுவார். நான் எழுதுவேன். ஏழு மணிக்கு பல்ப் சிவந்தது. அப்பா அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஒன்பது மணிக்குப் பதினான்கு. ஒரே ஒரு டிகிரி.

நான் பதினான்கை எழுதிவிட்டு நோட்டைப் பின்னால் புரட்டினேன். மார்ச் பௌர்ணமிப் பக்கம். அப்பா அதில் நூற்றைம்பதைப் பார்த்தார். எந்தப் பக்கம் என்று புரிந்துகொண்டார். ‘அப்பாவுக்கு இது தெரியும்’ என்பதிலிருந்து அந்த இரண்டு வரிகளின் மேல் பேனாவால் கோடு போட்டேன். எழுத்து தெரியாமல் போகும்வரை போட்டேன்.

அவர் டார்ச்சை அணைத்தார். எழுந்தார். இருபது வருஷமாக வேறு யாரையும் தொடவிடாத ஸ்பானர் பையை என் காலருகே நகர்த்தி வைத்துவிட்டு, வெளியே இறங்கிப் போனார்.