சடையப்பன் பேருக்கு ஒரு படம்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் போர்டு எழுதும் ஜெகநாதன் அதுவரை இரண்டு வகை ஆட்களுக்குத்தான் படம் போட்டுக் கீழே பேர் எழுதியிருந்தான். ஒன்று, எலெக்‌ஷனில் நிற்கிறவர்கள். இன்னொன்று, செத்துப்போனவர்கள். எண்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் மெட்ராஸிலிருந்து புரொபசர் கிருஷ்ணசாமி கொண்டுவந்த வேலை இரண்டிலும் சேராது என்றுதான் அவன் முதலில் நினைத்தான்.

மானாம்பதியில் கிணறு வெட்டும்போது சடையப்பனின் கடப்பாரையில் சில எலும்புகள் தட்டுப்பட்டிருந்தன. வேறொருவனாக இருந்தால் தூக்கிக் கடாசியிருப்பான். இந்த நல்ல மனுஷன் கோணியில் சுற்றிப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தான். இரண்டு வருஷம் ஆராய்ந்த புரொபசர், இது உலகத்தில் யாருமே அறியாத டெரோசார் என்று கண்டுபிடித்துவிட்டார். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் பறந்து திரிந்ததாம். பறவை இல்லையாம், தோல் சிறகு வைத்த, பல்லிக்குத் தூரத்துச் சொந்தமாம். கண்டெடுத்தவனுக்கு மரியாதையாகச் சடையப்பன் பேரையே அதற்கு வைத்து, பின்னால் லத்தீனில் ஏதோ ஒட்டி, வெளிநாட்டுப் பத்திரிகையிலும் அச்சாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் விழா. அதற்குள் எட்டடிப் பலகையில் படம் வேண்டும்.

"தலை கிடைக்கலப்பா. பாதியில விட்ட அந்தக் கிணத்துலதான் எங்கேயோ இருக்கணும்" என்று ஊகத்தில் வரைந்த ஒரு பென்சில் படத்தை நீட்டினார் புரொபசர். நீண்ட தாடை, வரிசையாக ஊசிப் பற்கள்.

ஜெகநாதன் தயங்கினான். "சடாயுன்னு வச்சிருக்கலாமே சார். திருப்புட்குழியில அதுக்கு ராமரே காரியம் பண்ணிட்டாரு. இதுக்கு யாரு பண்ணாங்க? காரியம் ஆவாத ஒண்ணுக்கு உசுரோட கீறவன் பேர வைக்கலாமா?"

"அச்சான பேர மாத்த முடியாதுப்பா. பிடிக்கலைன்னாலும் அதே பேர்தான். உலகம் முழுக்க அதான் சட்டம்" என்று புரொபசர் சிரித்தார்.

சடையப்பனுக்கோ தலைகால் புரியவில்லை. தினமும் சாயங்காலம் சைக்கிளில் வந்து பலகைக்கு முன்னால் நின்றுகொள்வான். "நம்ம மூஞ்ச எவண்ணே போட்டோ புடிச்சான்? இதான் என் போட்டோ" என்பான். ஜெகநாதனுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேரெழுதினான். கைக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். அது யாரைக் கேட்கும்? பேருக்குக் கீழே இடப்பக்கம் 'தோற்றம்', வலப்பக்கம் 'மறைவு' என்று எழுதி, தேதிக்கு இடமும் விட்டபிறகுதான் அவனுக்கு உறைத்தது. கெரசின் துணியால் தேய் தேய் என்று தேய்த்தான். மங்கலாகத் தடம் நின்றது. அதன்மேல் சாம்பல் வர்ணத்தை இழுத்துவிட்டு நிமிர்ந்தால், வாசலில் சடையப்பன்.

"நாளைக்குக் கெணத்துல எறங்கறேண்ணே. தலைய எடுத்தாந்து பொரபசர் கையில குடுத்துடணும்."

"இன்னா சடையா, வாரமா மய பேஞ்சிக்கினு கீது. மண்ணெல்லாம் ஊறிக் கெடக்குது. அவரா எறங்கச் சொன்னாரு?"

"அவரு வேணாம்னுதான் சொன்னாரு. ஊரே பாக்கப் போவுது. என் பேரு வச்சது தலையில்லாத முண்டமா கெடந்தா நல்லாவா கீது?"

"எறங்காதடா, சொல்றதக் கேளு."

ஏன் என்று சடையப்பன் கேட்டான். 'மறைவு' என்று எழுதித் தொலைத்ததைச் சொல்ல ஜெகநாதனுக்கு நா எழவில்லை. வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று பயந்தான்.

"பேஜார் பண்ணாதண்ணே" என்று சிரித்துவிட்டு சடையப்பன் சைக்கிளை மிதித்தான்.

சனிக்கிழமை மத்தியானம் கிணறு சரிந்தது. பொழுது சாயும்போதுதான் அவனைத் தோண்டி எடுத்தார்கள். மார்போடு ஒரு கல்லை அணைத்துப் பிடித்திருந்தான். அந்தக் கல்லில் நீண்ட தாடையும் ஊசிப் பற்களும் இருந்தன. ஜெகநாதன் போட்ட படத்துக்கும் அதற்கும் இம்மிகூட வித்தியாசம் இல்லை.

விழா நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சடையப்பன் பெண்சாதி முனியம்மாள் ஆள் அனுப்பினாள். வீட்டில் போட்டோ கிடையாது. அவர் பேரெழுதிய பலகையாவது வேண்டும். ஜெகநாதன் அதை மாட்டு வண்டியில் ஏற்றி, வழக்கம்போல வர்ண டப்பாவையும் பிரஷையும் வைத்துக்கொண்டு மானாம்பதிக்குக் கொண்டுபோனான். சிறகு விரித்த அந்தப் படத்தைத் தலைமாட்டுச் சுவரில் சாய்த்து, முனியம்மாள் மாலை போட்டாள்.

அஞ்சாவது வரை படித்தவள் அவள். காய்ந்த சாம்பல் பூச்சுக்குள்ளிருந்து எழும்பித் தெரிந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்துவிட்டாள்.

"மேல வேற வர்ணம் அடிச்சிருக்கியே. இத எப்பண்ணா எழுதின?"

அவளிடம் பொய் சொல்ல அவனால் முடியவில்லை. "வெள்ளிக்கிழமைம்மா. கை தானா எழுதிடுச்சி."

"அவருகிட்ட சொன்னியா?"

"இல்லம்மா."

"சொல்லியிருந்தா நின்னிருப்பாரேண்ணா" என்றாள் முனியம்மாள். அவள் குரல் உயரவே இல்லை. திட்டித் தீர்த்திருந்தால் தாங்கியிருப்பான். மாலையைச் சரிசெய்துவிட்டு, "பொறந்த தேதி யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கத்த மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றாள்.

ஜெகநாதன் பிரஷை நனைத்தான். வெள்ளிக்கிழமை அவன் விட்டிருந்த இடம் தேதிக்குச் சரியாக இருந்தது.