தவளையைப் பார்க்காதீங்க மாப்பிள்ளை

இஃபாத்துக்கும் நூருல் அமீனுக்கும் கல்யாணமாகி ஏழு மாதமாகியும், மாமியார் அஜீசுன்னிசா மருமகனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் துபாயிலிருந்து விடுமுறையில் வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அவள் அடுப்படித் திரைக்குப் பின்னால் நிற்பாள். நடுவே நாலடி தூரம்தான். ஆனாலும் எல்லாப் பேச்சும் இஃபாத் வழியாகத்தான் போய் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நூருல் அமீன் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். மாமனார் அப்துல் லத்தீப் தயிர் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அடுப்பில் வஞ்சிர மீன் ஆணம், குழம்பு, கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து 'களுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி 'களுக்'.

அஜீசுன்னிசாவின் கை கரண்டியோடு நின்றது. போன் விளையாட்டில் பலகைக்குப் பலகை தாவும் தவளை தண்ணீரில் விழும் சத்தம் அது. மத்தியானம் வீடு அடங்கியபின் அவள் தினமும் ஆடுகிற ஆட்டம்.

நாலாவது 'களுக்'குக்குப் பிறகு பொறுக்க முடியவில்லை. மகளைக் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை அவசரப்படுறாங்கன்னு சொல்லு."

"சோறு இன்னும் ஆவலையா உம்மா?"

"சோத்துக்கு இல்லடி, தவளைக்கு. தவளையைப் பாக்க வேணாம், அது போய் எறங்குற பலகையைப் பாக்கச் சொல்லு."

இஃபாத் தாயை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களும் ஆடுறீங்களா? எம்புட்டு எடுத்தீங்க?"

"நானூத்திப் பன்னெண்டு," என்றாள் அஜீசுன்னிசா, யாருக்கும் கேட்காதபடி.

நூருல் அமீனுக்குக் கேட்டுவிட்டது. அவர் தொண்ணூற்றாறைத் தாண்டியதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, "வேற என்ன செய்யணும்னு கேளு," என்றார் மனைவியிடம்.

"போனைக் கையில புடிச்சா ஆடும், மேசையில வைக்கச் சொல்லு."

"மேசையில வைங்களாம் மச்சான்."

"விரலை எடுத்தப்புறம் ஒரு மூச்சு விட்டுட்டு அடுத்ததை அழுத்தணும்."

இதற்குள் இஃபாத் பத்து நடை நடந்திருந்தாள். "விரலை எடுக்காதீங்களாம்," என்றாள் சலிப்போடு. அவர் எடுக்கவில்லை. அழுத்துகிற நேரத்துக்குத் தக்கபடி தாவும் தவளை போன் திரையை விட்டே பறந்தது.

"அப்படியா சொன்னேன்?" என்றாள் உம்மா.

"நான் என்ன தபாலாபீஸா? நீங்களே பேசிக்கிங்க!" இஃபாத் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூடத்தில் தவளை மறுபடி தாவத் தொடங்கியது. இந்த முறை 'களுக்' கேட்கவில்லை. நூறு, நூற்றிருபது, நூற்றைம்பது. அஜீசுன்னிசா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். பிறகு எப்போது அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

நூற்றெண்பதில் ஓரமாக ஓர் ஈ பறந்தது. பிடித்தால் இரண்டு பாயிண்ட். அவர் விரல் அந்தப் பக்கம் சாய்ந்தது.

"டேய்! ஈயை விடுடா!"

விட்டார். தவளை பத்திரமாகப் பலகையில் இறங்கியது. லத்தீப் தயிர்ப் பாக்கெட்டோடு வாசலில் நுழைந்தார்.

"ஏ புள்ள, மாப்பிள்ளையைப் போயி டேய்ங்குறே? புத்தி கெட்டுப்போச்சா?"

"பேசாதீங்க மாமா, நூத்தித் தொண்ணூறு," என்றார் நூருல் அமீன், தலை நிமிராமல்.

இருநூற்று மூன்றில் தவளை விழுந்தது. அப்போதுதான் அஜீசுன்னிசாவுக்குத் தான் சொன்னது உறைத்தது. முக்காட்டை இழுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். லத்தீப் கையைப் பிசைந்தார். "மனசுல வச்சுக்காதீங்க மாப்பிள்ளை. அவ அப்படிப்பட்டவ இல்ல."

நூருல் அமீன் எழுந்து திரைக்கு அருகில் போய் நின்றார்.

"மாமி, இருநூறைத் தாண்டினா பலகை நவருது. அதுக்கு என்ன செய்யணும்?"

உள்ளே கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு திரை விலகியது. "கை கழுவிட்டு ஒக்காருங்க, சொல்றேன்."

அன்றைக்கு அவளே வந்து பரிமாறினாள். அப்பளத்தை அவர் தட்டின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்திக் காட்டினாள். "ஓரத்துக்குப் போயி திரும்புறப்ப ஒரு நொடி நிக்கும் பாருங்க. அப்பத் தாவணும்." அவர் ஒரு மீன் துண்டை எடுத்துக் குறி பார்த்தார். கோபம் தணிந்து வந்த இஃபாத்தும் குனிந்து பார்த்தாள்.

லத்தீப் தனக்கொரு அப்பளம் கேட்டார். யாரும் காதில் வாங்கவில்லை.