காலுக்கொரு கட்டம்

"முழங்காலை முழுசா மடக்குங்கக்கா" என்றாள் ஸ்கேன் டாக்டர். எதைச் செய்ய முடியவில்லை என்று காட்ட ஒருத்தி வந்தாளோ அதையே அவளைச் செய்யச் சொன்னால் எரிச்சல் வராதா? கம்பத்தக்கா பாதிவரை மடக்கிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

பிஸ்கட் கம்பெனியில் பதினாறு வருடமாக ஒரே இடத்தில் நின்று பெட்டி அடுக்குகிறவளுக்குக் கம்பம் என்று பெயர் வைக்காமல் என்ன வைப்பார்கள்? இப்போது வலது முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே மிரள்கிறது. லேபிள் ஒட்டும் பிரிவில், உட்கார்ந்து செய்கிற இடம் ஒன்று காலியானது. அதற்கென்று ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத, காலுக்கொரு கட்டம். போன வாரமும் இதே கட்டிலில்தான் படுத்தாள். நல்ல காலுக்கு 2.1 என்று எண் கிடைத்தது. நோகிற காலுக்கு, 'மடங்காததால் அளக்க இயலவில்லை' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாள். கிளார்க் அந்த வரியைப் படித்ததாகவே தெரியவில்லை.

"நம்பர் எங்கம்மா? நல்லா இருக்கற காலுக்கு மட்டும் வாங்கிட்டு வந்திருக்கீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவோம்" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினார். இன்று வெள்ளிக்கிழமை.

டாக்டர் சில்லென்ற பசையைத் தடவி, கருவியை முட்டிச் சில்லுக்கு மேலே வைத்து இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"சில்லு மறைக்குதுக்கா. முழுசா மடக்கினாதான் அது கீழ இறங்கும், உள்ள இருக்கறது தெரியும்."

"மடக்க முடிஞ்சா நான் எதுக்கும்மா இங்க வரேன்? உத்தேசமா ஒண்ணு போட்டுடுங்களேன்."

"கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படிக்கா எழுதறது?"

கம்பத்தக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? இந்தப் பெண் சொல்வதில் பொய்யில்லை. கிளார்க்குக்குக் கட்டம் நிறைந்தால் போதும், அவர் அப்படித்தான். கோபம் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அந்தக் கால் மேலேயே விழுந்தது. எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் கணுக்காலைப் பிடித்து, பிடிவாதக்காரப் பிள்ளையை வீட்டுக்குள் இழுப்பதுபோல் தொடையை நோக்கி இழுத்தாள். உள்ளே எதுவோ நறநறத்தது. கண்ணில் நீர் முட்டியது.

"வேண்டாம், விடுங்கக்கா" என்று டாக்டர் தோளைத் தொட்டாள்.

"படத்தைப் புடிங்க முதல்ல."

டாக்டர் பிடித்தாள். போன வாரம் திரையில் நல்ல காலின் குருத்தெலும்பு, இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கறுப்புப் பட்டையாக ஓடியது. இங்கே அது நூலளவுதான் இருந்தது, அதுவும் ஓரிடத்தில் அறுந்திருந்தது. டாக்டர் இரண்டு புள்ளிகளை வைத்து அளந்தாள்.

"பூஜ்யம் புள்ளி ஆறு. போதும்கா, மெதுவா நீட்டுங்க."

கம்பத்தக்கா கைகளை எடுத்தாள். கால் நீளவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். அது அசையவே இல்லை. டாக்டர் எழுத எடுத்த பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவந்து குதிகாலைத் தாங்கிப் பிடித்தாள்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம், நம்பரை எழுதிடுங்க" என்றாள் கம்பத்தக்கா.

மடங்கிய கால் மடங்கியபடியே இருந்தது. முட்டியிலிருந்த பசை மெல்ல வழிந்து, டாக்டரின் விரல்களுக்கு மேலாகக் கட்டில் விரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.