ஜகதீசனின் பின்நடை

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகர் பார்க்கில் ஜகதீசன் பின்பக்கமாக நடக்கத் தொடங்கியது ஆரோக்கியத்துக்காக இல்லை. மைசூர் பஜ்ஜிக்காக; நம்மூர் போண்டாவுக்கு அங்கே அந்தப் பெயர்.

மனிதர் காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொள்முதல் பிரிவு. மேஜை, நாற்காலி, மின்விசிறி வாங்கிப் போட்டார். வாக்கிங் வருகிற யாரோ ஒரு நாள் இவரை "சயின்டிஸ்ட் சார்" என்று கூப்பிட்டார்கள். இவரும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அவர் தும்மினால்கூட அதில் ஏதோ சூத்திரம் இருப்பதாகப் பார்க்கில் பேச்சு.

உடம்புச் சர்க்கரைக்கு மட்டும் அந்த மரியாதை தெரியவில்லை. போன மாதம் இருநூற்று நாற்பதில் போய் நின்றது. ரிப்போர்ட்டைப் படித்த மனைவி சாவித்ரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பொள்ளாச்சியை விட்டு வந்து முப்பத்தைந்து வருடமாகியும் அவள் பேச்சில் அந்த ஊர் இம்மியும் குறையவில்லை.

"ஏனுங்க, மாசக் கடைசீல மறுபடி ரத்தம் எடுக்கறப்ப இது எறங்கியிருக்கோணும். இல்லீன்னா நானும் உங்ககூட வாக்கிங் வந்துருவனுங்க."

இருபத்துநாலு மணி நேரத்தில் ஜகதீசனுக்கென்று இருந்தது அந்தக் காலை நாற்பது நிமிஷம்தான். அதில் கடைசி ஐந்து நிமிஷம் ரஹீம் பாயின் டிபன் வண்டிக்கு.

வண்டி நிற்பது பார்க் கேட்டை ஒட்டி. வீடோ பார்க்கின் எதிர்க்கோடியில், மூன்றாவது மாடி. பால்கனியில் நின்றால் வண்டியில் யார் என்ன தின்கிறார்கள் என்பதுவரை தெரியும். சாவித்ரி துணி காயப்போட்டு முடித்து, குக்கரை இறக்க உள்ளே போகிற சமயத்தில் இவர் கேட்டருகில் இருக்க வேண்டும். ஆகவே வேப்பமரத்திலிருந்து கேட்டுவரை முதுகு முன்னாலும் முகம் பின்னாலுமாக நடந்தார். விளக்குக் கம்பத்தருகே நின்று, கழுத்தை நிமிர்த்தி, பால்கனியை ஒரு நோட்டம் விடுவார். ஆள் இல்லையென்றால் இரண்டு பஜ்ஜி, கொஞ்சம் தேங்காய்ச் சட்னி, கையைத் துடைத்துக்கொண்டு வீடு.

நான்காம் நாளே அனந்தராமன் பிடித்துக்கொண்டார். பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலிக்காரர்.

"என்ன ஜகதீசன், ரிவர்ஸ்ல போறேள்? முட்டிக்கு நல்லதா?"

"முட்டிக்கு, மூளைக்கு, எல்லாத்துக்குந்தானுங்க" என்றார் ஜகதீசன், பால்கனியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் அனந்தராமனும் பின்பக்கமாக நடந்தார். அதற்கடுத்த நாள் இரண்டாவது மாடி பத்மஜா. பத்து நாளில் பதினோரு பேர். ஒருத்தராவது காரணம் கேட்டார்களா என்றால் இல்லை. பார்த்தார்கள், அப்படியே செய்தார்கள். விளக்குக் கம்பத்தருகே பதினோரு பேரும் நின்று மூன்றாவது மாடியைப் பார்த்துக் கழுத்தை நிமிர்த்தினார்கள். ஜகதீசன் ஒரு நாள் கொசு கடித்துக் காதைச் சொறிந்தார். அதுவும் பயிற்சியில் சேர்ந்துகொண்டது. பிறகு எல்லோரும் வரிசையாக ரஹீம் பாயிடம் போய் ஆளுக்கு இரண்டு மைசூர் பஜ்ஜி. எண்ணெய்ப் பலகாரம் எப்படி வைத்தியமாகும் என்று அனந்தராமன் மனைவி கேட்டதற்கு, "சயின்டிஸ்ட் சாப்பிடறார், உனக்கென்னடி தெரியும்" என்று அவர் அடக்கிவிட்டாராம்.

கூட்டத்தில் பஜ்ஜி தீர்ந்துபோய் ஜகதீசனுக்கே இரண்டு நாள் கிடைக்கவில்லை. அது போகட்டும். பால்கனியில் சாவித்ரி துணி காயப்போட வரும்போதெல்லாம் பதினோரு பேர் கீழிருந்து அவளையே அண்ணாந்து பார்த்தார்கள். மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள், மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கையிலேயே, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

வேப்பமரத்தடியில் பத்மஜா தெலுங்கு கலந்த தமிழோடு அவளைப் பிடித்துக்கொண்டாள். ஜகதீசன் குறுக்கே வந்து, "சாவித்ரிக்கு இதெல்லாம் ஒத்துக்காதுங்க" என்றதை யாரும் காதில் வாங்கவில்லை.

"சாவித்ரி காரு, உங்க சார் டெக்னிக் சூப்பர் அண்டி. நான் சொல்லித் தரேன். மெல்ல பின்னால வாங்க. அங்க நில்லுங்க. இப்ப மேலே பாருங்க."

சாவித்ரி சொன்னபடியே செய்தாள். பின்னால் நடந்தாள், நின்றாள், நிமிர்ந்தாள். நேர் எதிரே அவளுடைய பால்கனி. கொடியில் ஜகதீசனின் பனியன் ஆடிக்கொண்டிருந்தது. துவைத்த துணிக்கு மாட்டிய கிளிப்பின் நிறம்கூடத் தெரிந்தது.

பத்மஜா பக்கம் திரும்பினாள்.

"அப்பறம் என்னங்க பத்மஜா?"

"அப்பறம் ரெண்டு மைசூர் பஜ்ஜி."

அந்த நேரம் பார்த்து ரஹீம் பாய் வண்டியிலிருந்து ஜகதீசனிடம் தட்டை நீட்டினார். "ஏன் லேட் சாப்? உங்க ரெண்டைத் தனியா எடுத்து வெச்சேன். இந்த ஜனம் வெக்க விடாது."

சாவித்ரி தட்டை வாங்கினாள். ஒரு பஜ்ஜியைப் பிய்த்து, சட்னியில் தோய்த்து, நிதானமாகத் தின்றாள். இரண்டாவதையும் தின்றாள். ஜகதீசன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். "இங்கிருந்து நம்ம பால்கனியும் நல்லாத்தானுங்க தெரியுது."

மறுநாள் காலை இருவரும் சேர்ந்து வந்தார்கள். ஜகதீசன் எல்லா மனிதர்களையும்போல முன்னால் பார்த்து நடந்தார். அவருக்கு இரண்டடி முன்னே, அவர் முகத்தைப் பார்த்தபடி, சாவித்ரி பின்பக்கமாக நடந்தாள். வண்டியைத் தாண்டும்போது அவள் கண் இமைக்கவில்லை. ரஹீம் பாய் தட்டை எடுத்தார், திரும்ப வைத்தார்.

வியாழக்கிழமைக்குள் மூன்று ஜோடிகள் அப்படி நடந்தன. கணவன் முன்பக்கமாக, மனைவி பின்பக்கமாக, கண்ணோடு கண். அனந்தராமனின் மனைவி அவரை வண்டிப் பக்கம் திரும்பவே விடாமல் ஓட்டிக்கொண்டு போனாள். எதிரே வந்தபோது அவர் மூச்சு வாங்கக் கேட்டார்: "ஜகதீசன், இந்தப் புது முறை எதுக்கு நல்லது?"

ஜகதீசன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்க்கில் முதல்முறையாக உண்மையைச் சொன்னார்.

"சர்க்கரைக்குங்க."