ஓமனாவிடம் மட்டும் சொன்னது

பாக்கியலக்ஷ்மி கொச்சி மட்டாஞ்சேரியில் வீட்டு மாடியிலேயே பரதநாட்டிய உடைகள் தைப்பவள். தனி ஆள். ஆர்டரெல்லாம் ஃபோனில் வரும். தையலையும் ஃபோனையும் ஒருசேரச் சமாளிக்க முடியாமல் போனபோது, இணையத்தில் தேடி ஓமனாவை வெர்ச்சுவல் அசிஸ்டென்டாக வைத்துக்கொண்டாள். ஓமனா பக்கத்துப் பள்ளுருத்தியில் தன் வீட்டில் இருந்தபடியே, ஆர்டர் வரும் எண்ணில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவாள். பிள்ளைகளின் அளவு கேட்டு வாங்குவாள். பார்சல் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிப்பாள்.

இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் பேசாத நாளில்லை. வேலைப் பேச்சு மெல்ல வீட்டுப் பேச்சாயிற்று. கணவர் போன பிறகு பாக்கியலக்ஷ்மி மனம்விட்டுப் பேசியது அவளிடம்தான்.

மழைக்காலத்தில் படியில் வழுக்கி விழுந்ததில் பாக்கியலக்ஷ்மியின் வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் நடுங்கின. ஊசியில் நூல் கோக்க வரவில்லை. அன்று ஃபோனில் அழுதுவிட்டாள்.

“இனிமே தைக்கவே முடியாதோன்னு பயமா இருக்கு. யார்ட்டயும் சொல்லிடாதே, கேட்டியா. தெரிஞ்சா எல்லாரும் விட்டுட்டுப் போயிடுவா.”

“நான் எதுக்குச் சொல்றேன் சேச்சி? நீங்க கையைப் பாருங்க. மத்தது நான் நோக்கிக்கறேன்.”

பயிற்சி செய்து செய்து கை தேறியது. ஆர்டர்தான் வரவில்லை. கேட்டால், “எல்லா இடத்துலயும் டல்லுதான் சேச்சி” என்றாள் ஓமனா. பாக்கியலக்ஷ்மி நம்பினாள்.

கோயம்புத்தூரில் நடனப் பள்ளி நடத்தும் பழைய வாடிக்கையாளரான டீச்சர் ஒருத்தி போர்ட் கொச்சிக்குச் சுற்றுலா வந்தவள், ஒருநாள் பழங்களோடு படியேறி வந்தாள். மெஷின் ஓடுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நீங்க தைக்கிறீங்களா? கை நடுங்குது, தொழிலையே விட்டுட்டீங்கன்னு ஓமனா சொன்னாங்களே. இப்ப எங்களுக்கு அவங்க அண்ணன் சிஜுதான் தைக்கிறார். நீங்களே கைகாட்டின ஆளுன்னாங்க.”

பாக்கியலக்ஷ்மி பழத்தை வாங்கிக்கொண்டு, டீச்சரை உட்காரச் சொல்லக்கூட மறந்துபோனாள். டீச்சர் போனதும் ஓமனாவின் விலாசத்தைத் தேடி எடுத்து, ஆட்டோ பிடித்தாள்.

பள்ளுருத்தி வீட்டின் முன்னறையில் ஒருவன் தைத்துக்கொண்டிருந்தான். சுவரில் தொங்கிய உடையின் விசிறி மடிப்பு பாக்கியலக்ஷ்மி வைக்கும் மடிப்பு. உள்ளேயிருந்து மெலிந்த பெண் ஒருத்தி வந்தாள்; அவள் வாய் திறக்கும் முன்பே அது ஓமனா என்று தெரிந்துவிட்டது.

“சேச்சி... உள்ளே வாங்க. சாயா எடுக்கட்டா?”

“வேண்டாம். என் கையைப் பத்தி எல்லார்ட்டயும் சொன்னியா?”

ஓமனா அண்ணனைப் பார்த்தாள். அவன் மெஷினிலிருந்து தலை தூக்கவில்லை.

“நீங்கதானே சேச்சி இனி முடியாதுன்னு கரைஞ்சு அழுதீங்க? நீங்க நிறுத்திட்டா எனக்கும் பணி போயிடும். அண்ணனும் வேலை பார்த்த தையல் கம்பெனி மூடினதுல சும்மா இருந்தான். ஆர்டர் வெளியாள்கிட்ட போறதுக்கு நம்ம ஆள்கிட்ட வரட்டும்னு நினைச்சேன்.”

“கை சரியாயிடுத்துன்னு உன்கிட்டதானே முதல்ல சொன்னேன். அப்போவாவது அவாகிட்ட சொல்லிருக்கலாமே.”

“அதுக்குள்ள அண்ணன் துணி வெட்டிட்டான்” என்றாள் ஓமனா, மெதுவாக.

“நான் அழுதது உன்கிட்ட, ஓமனா. வியாபாரத்துக்கிட்ட இல்லை.”

ஓமனாவுக்குக் கண் கலங்கியது. அந்த அழுகையையும் நம்பலாமா என்று தெரியாமல் பாக்கியலக்ஷ்மி தெருவில் இறங்கி நடந்தாள்.

மறுநாளிலிருந்து ஆர்டர் வரும் எண்ணை அவளே பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எழுதினாள். கை குணமாகிவிட்டது என்பதை நம்பாமல், தைப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள் சிலர். அனுப்பினாள். பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். டீச்சர் வரவில்லை, சிஜு நன்றாகத்தான் தைக்கிறார் என்று எழுதியிருந்தாள்.

திரும்பி வந்த ஒரு தாய் கேட்டாள்: “ஓமனா நல்லா இருக்காளா? ரொம்ப அன்பாப் பேசுவா.”

“ஆமாம், அன்பாப் பேசுவா” என்று எழுதிவிட்டு, குழந்தையின் இடுப்பளவைக் கேட்டாள் பாக்கியலக்ஷ்மி.