அகவாலியின் வயிறு

என் குதிரை அகவாலி மறுபடியும் கழுத்தைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்தது. முன்னங்காலால் மணலைப் பறித்தது, படுத்தது, எழுந்தது, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டியது. கறுப்பு மயிரெல்லாம் வியர்வையில் நனைந்து ஒட்டிக் கிடந்தது. அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். எந்நேரமும் கடகடவென்று ஏதாவது பேசிக்கொண்டிருக்கும் வயிறு இன்று ஊமையாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாளில் அரண்மனைக்குப் போகும் குதிரைப் பவனிக்கு அதிக நாள் இல்லை. அதற்குள் இது செத்துப்போனால், அரண்மனை வாசலில் என் அப்பாவின் குதிரை நின்ற இடத்தில் பெரியப்பா மகன் இனுவாவின் குதிரை நிற்கும். அதை நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டும்.

லாயக்காரன் ஷெக்கராவ் கயிற்றைப் பிடித்து அதை எழுப்பி முற்றத்தைச் சுற்றி நடத்தினான். நானும் பின்னாலேயே நடந்தேன். குதிரையைவிட அவனைத்தான் அதிகம் கவனித்தேன்.

காரணமில்லாமல் சந்தேகப்படுகிற ஆள் இல்லை நான். எங்கள் கட்சினா நகரத்தில் குதிரை வைத்திருப்பவன் கண்ணை மூடிக்கொண்டு தூங்க முடியாது. பெருநாள் நெருங்க நெருங்க, தீவனத் தொட்டியில் எதையாவது போட்டுவிட்டுப் போக ஆள் இருக்கிறது. மந்திரித்த தூளோ, பலகையில் மந்திர எழுத்து எழுதிக் கழுவிய மைத்தண்ணீரோ, எதுவாகவும் இருக்கலாம். பவனிக்குக் கொழுகொழுவென்று இருக்கட்டும் என்று நான் சோளத்தைக் கூட்டிய சமயத்தில்தான் அகவாலிக்கு முதன்முதலில் லேசாக வயிறு வலித்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அன்றைக்கே தொட்டியை உடைத்து எரித்தேன். அது முதல் தவிடு, சோளம், கடலைக்கொடி எல்லாவற்றையும் மணலில்தான் கொட்டச் சொன்னேன், அதுவும் ஒரே இடத்தில் அல்ல. இன்றைக்கு வேப்பமரத்தடி என்றால் நாளைக்குக் கிணற்றுப் பக்கம். எங்கே கொட்டுவது என்று எனக்கே காலையில்தான் தெரியும் என்றால், எவன் வந்து எங்கே எதைப் புதைப்பான்? அப்படியும் வலி வந்தது, முன்னைவிட மோசமாக. அப்படியென்றால் ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

என் மனைவி டெலு தலையில் அடித்துக்கொண்டாள். "குதிரைக்கு வயித்துல கோளாறு, உங்களுக்கு மண்டையில. டாக்டரக் கூப்பிடுங்க."

"சூனியத்துக்கு டாக்டர் ஊசி போடுவாரா?"

"ஷெக்கராவப் பாருங்க. நேத்திலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல அவன்."

"செஞ்சத நெனச்சா எப்படி எறங்கும்?"

இனுவா வீட்டு வாசலில் அவன் நின்று பேசிக்கொண்டிருந்ததை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை இத்தனை நாள் மனதுக்குள் போட்டு வைத்திருந்தேன். இப்போது கேட்டுவிட்டேன்.

"அங்க என்னடா உனக்குப் பேச்சு?"

"என் தங்கச்சி மவன் அங்க வேலைக்கு நிக்கிறான், அல்ஹாஜி. ஊர்ல அவங்கம்மாவுக்கு மேலுக்கு முடியலன்னான். விசாரிச்சேன்."

"நோவு விசாரிக்கிறவன் சிரிச்சுக்கிட்டா நிப்பான்?"

ஷெக்கராவ் நடையை நிறுத்தினான். என் தாடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இந்த வீட்டில் இருப்பவன், அதுவரை என்னை நேருக்கு நேர் பார்த்துப் பேசியதில்லை. "இந்தக் கையில எத்தனை தடவ தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கீங்க? விஷம் வெக்கிறவன் குதிரைக்கா வெப்பான்?"

"வெளிய போ" என்றேன். அவன் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் போய்விட்டான்.

டெலு என்னைக் கேட்காமலேயே போன் செய்து கால்நடை டாக்டரை வரவழைத்தாள். சராத்து என்று சின்ன வயசுப் பெண். அகவாலியின் மூக்கு வழியாக நீளமான குழாயை இறக்கி எண்ணெய் ஊற்றினாள். பிறகு முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, டெலுவிடம் ஒரு கண்ணாடிக் கிண்ணம் கேட்டாள். கீழே கிடந்த குதிரைச் சாணியை ஒரு கை அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, திண்டின் மேல் வைத்தாள்.

"அதுல என்ன போட்டே?" என்றேன்.

"சாணி, அல்ஹாஜி. உங்க குதிரையோடதுதான்."

நாரெல்லாம் மேலே மிதந்தது. அடியில் மணல் படிந்தது. எங்கள் முற்றத்தின் அதே செம்மணல், ஒரு விரல் கனத்துக்கு. அவள் கையை நான் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று தோன்றியது. இன்னொரு கிண்ணம் கொண்டுவரச் சொல்லி, குதிரை அப்போதுதான் போட்ட சாணியின் நடுப்பகுதியைக் கிள்ளி எடுத்து, நானே தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். அதிலும் மணல் படிந்தது.

"தரையில போட்டா தீனியோட மண்ணும்தான் உள்ள போவும். கொடல்ல மூட்ட மாதிரி சேந்திருக்கு" என்றாள் சராத்து. "மொத வலி, சோளத்த ஒரேயடியாக் கூட்டினதால வந்தது. அது தன்னாலயே சரியாப் போயிருக்கும். தொட்டிய எடுக்கச் சொன்னது யாரு?"

டெலு என்னைப் பார்த்தாள். நான் குதிரையைப் பார்த்தேன்.

"சோளத்த நிறுத்துங்க. கடலைக்கொடியக் கீழ படாம ஒசரமாக் கட்டி, நாள் பூரா கொறிக்க விடுங்க. தவிட்ட நல்லா நனைச்சு, பாத்திரத்துல, கொஞ்சம் கொஞ்சமா. பொழச்சா பவனியப் பத்திப் பேசலாம்."

சாயங்காலத்துக்குள் அகவாலி மணலும் எண்ணெயுமாகப் போட ஆரம்பித்தது. வயிறு மெதுவாக முனகத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. யாரும் எதுவும் வைக்கவில்லை என்பது ஏனோ நிம்மதியாக இல்லை. இத்தனை நாள் ஒரு எதிரி இருந்தான். இப்போது நான் மட்டும்தான் இருந்தேன்.

டெலு ஆள் அனுப்பியதால் மறுநாள் காலையில் ஷெக்கராவ் வந்தான். என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருந்தேன், ஆனால் அவன் சலாம் சொன்ன விதத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன். அவன் எனாமல் பாத்திரத்தில் தவிட்டைக் கொட்டி, தண்ணீர் தெளித்துப் பிசைந்தான். அகவாலி அதைப் பார்த்துக் கனைத்துக் கழுத்தை நீட்டியது.

அவன் பாத்திரத்தைக் குதிரையிடம் கொண்டுபோகவில்லை. என் முன்னால் வந்து நின்று, ஒரு பிடி தவிட்டை அள்ளித் தன் வாயில் போட்டு மென்றான். மெல்ல மெல்ல, என்னையே பார்த்துக்கொண்டு. உதட்டோரத்தில் தவிடு ஒட்டியிருந்தது. பின்னால் அகவாலி கயிற்றை இழுத்துக் காலை உதைத்தது.

வேண்டாம்டா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், விழுங்குகிறானா என்று.