கூப்பிட்டால் திரும்பாதவள்

இருபத்தாறாவது ஆள் எழுந்து போனபோது டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டிருந்தது. மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தவள். ஒரு பெற்றோருக்கு ஐந்து நிமிடம் என்பது தலைமையாசிரியர் போட்ட கணக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வராந்தாவில் ஆயாம்மா கைமணியை ஆட்டுவாள். ஒருவர் எழ, அடுத்தவர் உட்கார வேண்டும். மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களைச் சில்லென்ற தரையில் பதித்துக்கொண்டிருந்தாள். 'நல்ல பிள்ளைதான், கவனம் பத்தல', 'கையெழுத்தைத் திருத்தணும்', 'ஃபோனைக் கையில குடுக்காதீங்க' என்ற மூன்று வாக்கியங்களை வைத்தே முக்கால்வாசி வகுப்பை ஓட்டியாகிவிட்டது. வந்தவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். இந்த ஐந்து நிமிடத்தில் யாரால் யாருக்கு என்ன சொல்லிவிட முடியும் என்று பதினாறு வருஷமாக அவளுக்குச் சந்தேகம்தான். அவள் மகள் படிக்கும் பள்ளியிலும் இதே சனிக்கிழமைதான் கூட்டம் வைப்பார்கள். கணவர் போய்வந்து, "பரவால்லையாம்" என்பார். அவ்வளவுதான்.

இருபத்தேழாவதாக வந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். எப்போதும் மனைவிதான் வருவாள், இன்றைக்கு அவளுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது, அதனால் தானே வந்ததாகச் சொன்னார். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். கிரீஸ் ஏறிய விரல்களை மேஜைக்கு மேலே வைக்கக் கூச்சப்பட்டு மடியில் வைத்துக்கொண்டார். மகளை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு ஆசிரியர்கள் அறையில் 'மகாராணி' என்று பெயர். மூன்று முறை கூப்பிட்டால்தான் அம்மணி திரும்பிப் பார்ப்பாள். போன மாதம் டீச்சர், "வேரு எதுக்குப் பயன்படுது?" என்று கேட்டதற்கு, எழுந்து நின்று, "குடிக்க, குளிக்க, துணி துவைக்க" என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. ஒரு பீரியட் முழுக்க அவளை வெளியே நிறுத்திவைத்தாள்.

ஆகவே டீச்சர் கைவசமிருந்த முதல் வாக்கியத்தை எடுத்தாள். "நல்ல பொண்ணுதான். கவனம்தான் பத்தல."

மெக்கானிக் மற்றவர்களைப் போலத் தலையாட்டவில்லை. "கவனம் இல்லாம இல்ல டீச்சர். அழுத்தம். கூப்பிட்டா திரும்ப மாட்டா. எனக்குப் பொறுமை கம்மி. நேத்துகூடக் கை நீண்டுருச்சு." மடியிலிருந்த கையைப் பார்த்துக்கொண்டார். "எப்பவும் அப்படின்னாலும் பரவால்ல. காலையில ஒரு நாள் ஒரு சத்தத்துக்கு எழுந்திருவா, ஒரு நாள் உலுக்கணும். அதுலதான் கோவம் வருது. வேணும்னேதானே பண்றா?"

"எந்த நாள் எழுந்திருக்கிறா?" என்று கேட்டாள் டீச்சர். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. கைமணி அடிக்கும்வரை ஏதாவது பேச வேண்டுமே.

அவர் யோசித்தார். பழுதான இயந்திரத்தை யோசிக்கிற முகம் அது. "செவுத்தப் பார்த்துப் படுத்திருந்தா உடனே எழுந்திருவா. எங்க பக்கம் திரும்பிப் படுத்திருக்கிற அன்னைக்குத்தான் காதே கேக்காது."

சொன்ன வார்த்தை அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கிரீஸ் விரல் தன் காதுமடலைத் தொட்டது.

டீச்சர் மதிப்பெண் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். முதல் தேர்வில் அறுபத்தெட்டு. அப்போது அவள் உட்கார்ந்திருந்தது கதவோரம். வகுப்பு முழுதும் அவளுக்கு இடது பக்கம். பிறகு இடம் மாற்றியபோது ஜன்னலோரத்துக்குப் போனாள். அங்கே கரும்பலகை, டீச்சர், தோழிகள் எல்லாமே வலது பக்கம். முப்பத்தொன்று. அடுத்ததில் இருபத்தொன்பது. மாற்றியவள் டீச்சர்தான்.

"எங்க பக்கம் திரும்பிப் படுத்தா எந்தக் காது தலையணையில இருக்கும்?"

அவர் உட்கார்ந்தபடியே தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இடது."

கைமணி அடித்தது. அடுத்தவர் கதவருகே தலையை நீட்டினார். "கொஞ்சம் இருங்க" என்றாள் டீச்சர். அன்று முழுதும் யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. பிறகு எழுந்துபோய் அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிவந்தாள்.

"போர்டைப் பார்த்து நில்லும்மா. இடது காதை நல்லாப் பொத்திக்கோ."

பன்னிரண்டு வயதுப் பெண், எதற்கு என்று கேட்காமல் பொத்திக்கொண்டாள். தண்டனைக்குப் பழகிய பணிவு அது. டீச்சர் கண்ணைக் காட்ட, அப்பா அவளுக்கு வலது பக்கம், முதுகுக்குச் சற்றுப் பின்னால் வந்து நின்றார்.

"பாப்பா."

அவள் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, நாளைக்கு உனக்குச் செருப்பு வாங்கப் போலாமா?"

அசைவில்லை. மூன்றாம் முறை சற்று உரக்கக் கூப்பிட்டார். வாசலில் காத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் மட்டும் போர்டிடமே கேட்டாள்: "டீச்சர், இன்னும் எவ்வளவு நேரம் பொத்தணும்?"

டீச்சர் போய் அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். "வலது காது கேக்கலைன்னு ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ தப்பு செய்துவிட்டோம், என்னவென்றுதான் தெரியவில்லை என்கிற பார்வை. "எல்லாருக்கும் ஒரு காதுதான் நல்லாக் கேக்கும்னு நெனச்சேன். எழுதுறதுக்கு ஒரு கை மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். "நான் டாக்டர் இல்ல. திங்கக்கிழமையே காது டாக்டர்கிட்ட காட்டுங்க. அழுக்கு அடைச்சிருந்தாலும் இருக்கலாம்."

"அழுக்காவே இருக்கட்டும்" என்றார் அவர். தாளை வாங்கியபோது அதில் பெருவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்தது. துடைக்கப் பார்த்தார், இன்னும் பரவியது.

"வேருன்னு நான் கேட்டது அவளுக்கு நீருன்னு விழுந்திருக்கு. நானும் போன மாசம் அவளை வெளிய நிக்க வச்சேன் சார்" என்றாள் டீச்சர். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளுடைய வேலையில் யாரும் அதைக் கேட்கப் போவதுமில்லை.

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மன்னித்ததுபோலவும் இல்லை, கோபித்ததுபோலவும் இல்லை. கும்பிட்டுவிட்டு மகளோடு வெளியேறினார். ஆயாம்மா வந்து, "டீச்சர், இன்னும் பதினோரு பேர் இருக்காங்க, நீங்க இந்த ஒருத்தரோடயே குடித்தனம் நடத்துனா எப்படி?" என்று முனகிவிட்டுப் போனாள். இருபத்தெட்டாவது ஆள் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

டீச்சர் செருப்பில்லாமலேயே ஜன்னலருகில் நின்றிருந்தாள். கீழே மைதானத்தில் அப்பாவும் மகளும் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் அவளுக்கு வலது பக்கம் நடந்தபடி ஏதோ சொல்லிக்கொண்டே போனார். உதடு அசைவது இங்கிருந்தே தெரிந்தது. அவள் கூழாங்கல் ஒன்றைக் காலால் தள்ளிக்கொண்டு, தன் பாட்டுக்கு நடந்தாள். கூப்பிட்டுச் சொல்லலாமா என்று டீச்சர் கம்பியைப் பிடித்தாள். கட்டிப்போன தொண்டைக்கு, குரல் மாடிப்படி வரைகூட எட்டாது.

பாதி மைதானத்தில் அவர் நின்றார். மகளின் முதுகுக்குப் பின்னால் சுற்றி, இடது பக்கம் போனார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்கிற காதின் பக்கம் வந்தபிறகு அவர் உதடு அசையவே இல்லை. இருவரும் மெல்ல நடந்தார்கள்.